அப்பாவின் கால் புண்ணுக்கு மூலிகை ஜெல் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ரப்பர் பால் வெட்டும் வேலை. உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. வலி இல்லை என்கிறார். வேம்பு, மஞ்சள், கற்றாழை சேர்ந்த கிருமிநாசினி ஜெல் ஒன்றை உறவினர் வாங்கித் தந்தார். தொடர்ந்து போடலாமா?
— வாசகி, குலசேகரம்

பதில்: வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, எனக்குக் கவலை தருவதே அதுதான். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலில் புண் எலும்பைத் தொட்டாலும் தெரியாது. அப்பா அந்தக் காலை ஊன்றியே விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறார். ஆறத் தொடங்கும் சதை ஒவ்வொரு அடியிலும் நசுங்குகிறது. இதை எந்த ஜெல்லும் தடுக்காது.

மூலிகையை நான் ஒதுக்கவில்லை. நம் முற்றத்துக் கற்பூரவல்லியிலும் வல்லாரையிலும் பிரித்தெடுத்த சாறுகளால் செய்த களிம்பு ஒன்றை 236 பேரிடம் சோதித்து, 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது. வேறு கட்டுப் போட்டவர்களில் 35.1 சதவீதம் பேருக்கு. தைவானில் அது விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆனால் எலும்பில் கிருமி பிடிக்காத புண்களில்தான் சோதித்தார்கள். அதை நம்பி இலையை அரைத்துக் கட்டிவிடாதீர்கள்; இலையோடு மண்ணிலுள்ள கிருமியும் புண்ணுக்குள் போகும்.

உங்கள் ஜெல் ஆய்வகத்தில் கிருமியைக் கொல்லலாம். நாள்பட்ட புண்ணில் கிருமிகள் வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். செத்த சதையோடு அதை மருத்துவர் சுரண்டி எடுத்தால்தான் மேலே போடும் மருந்துக்கு வேலை. நீரிழிவுப் பாதத்துக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலும் புண்ணை ஆற்ற மூலிகை மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை.

இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா, புண்ணின் ஆழம் எலும்பு வரை போகிறதா என்று பார்ப்பார்கள்; எக்ஸ்ரேயும் தேவைப்படும். பாரம் புண்ணில் விழாதபடி மாவுக்கட்டோ தனிச் செருப்போ தருவார்கள். அதுவரை பால்வெட்டு வேண்டாம். கூலி போகும் என்று தெரியும். இருந்தாலும் மனதார இதைத்தான் சொல்வேன். உப்பு வெந்நீரில் கால் ஊற வைக்கவும் வேண்டாம், மரத்த கால் வெந்துபோவது தெரியாது.

காய்ச்சல், துர்நாற்றம், பரவும் சிவப்பு, விரல் கறுத்தல், இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே போய்விடுங்கள், இரவானாலும். ஜெல் டியூபையும் கையில் கொண்டு போங்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.