சரிந்த முதுகு ஜெர்மன் ஷெப்பர்டின் தர அடையாளமா?

உங்கள் எட்டு மாத ஜெர்மன் ஷெப்பர்டின் முதுகு பின்னால் தாழ்ந்திருப்பதை, விற்றவர் "ஒரிஜினல் ஷோ லைன்" (நாய்க் கண்காட்சிக்கென வளர்க்கும் வம்சம்) என்கிறாரே, அதை நம்பாதீர்கள். சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்சிஐயின் தரவிதி கேட்பது உறுதியான, வலுவான முதுகு; அது மிக மிக லேசாகவே சரியலாம். இடுப்புக்குப் பின்னுள்ள பகுதி சுமார் 23 டிகிரி லேசாகச் சரியலாம், அவ்வளவுதான். பரிசுக்காகச் சிலர் அந்தச் சரிவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், அவதிப்படுவது நாய்தான்.

ஆனால் ஒரு பின்னங்காலைத் தள்ளி நிறுத்தி எடுத்த படத்தில் எந்த ஷெப்பர்டும் சரிந்தே தெரியும். அதனால் இயல்பாக நிற்கும்போது பாருங்கள். நடையில் பின்கால்கள் தள்ளாடினாலோ, முயல்போலச் சேர்ந்து குதித்தாலோ, எழச் சிரமப்பட்டாலோ கால்நடை மருத்துவரிடம் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அப்புறம், எடை அளவுக்கு மீறிக் கூட விடாதீர்கள். இடுப்பு நலமா என்று தெரியாமல் இனப்பெருக்கத்துக்கும் விட வேண்டாம்.