ஸ்பானிஷில் ‘எனக்குப் புத்தகம் பிடிக்கும்’ என்பதற்கு ‘யோ குஸ்தோ எல் லீப்ரோ’ என்று எழுதினால் ஏன் தவறு?

‘யோ’ என்றால் ‘நான்’. அங்கேதான் சிக்கல். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கே வழுக்குவார்கள். தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது: நாமும் ‘நான் பிடிக்கும்’ என்பதில்லையே. சரியான வாக்கியம், ‘மே குஸ்தா எல் லீப்ரோ’. ‘மே’ எனக்கு, ‘தே’ உனக்கு, ‘லே’ அவருக்கு, ‘நோஸ்’ நமக்கு, ‘லேஸ்’ அவர்களுக்கு.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. ‘பிடிக்கும்’ எதற்கும் மாறாது. ஸ்பானிஷ் வினையோ பிடித்த பொருளின் எண்ணிக்கையைப் பார்க்கும். ஒரு புத்தகம் என்றால் குஸ்தா. பல என்றால் ‘மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்’. பிடித்தது ஒரு செயல் என்றால், இரண்டு செயல்களைச் சேர்த்துச் சொன்னாலும் ஒருமைதான்: ‘மே குஸ்தா லேயேர் இ காந்தார்’ (படிக்கவும் பாடவும் பிடிக்கும்).

யாருக்குப் பிடிக்கும் என்று பெயரோடு சொன்னால், பெயருக்கு முன்னால் ‘ஆ’ சேருங்கள், ஆனால் ‘லே’யை விட்டுவிடாதீர்கள்: ‘ஆ மரியா லே குஸ்தா’ (மரியாவுக்குப் பிடிக்கும்). பலர் கோட்டைவிடுவது இந்த ‘லே’யைத்தான். எதிர்மறைக்கு ‘நோ’ போதும்; அது ‘மே’க்கு முன்னால் வரும்.

இதே அச்சில் ‘மே துவேலே லா கபேசா’வும் வரும்: எனக்குத் தலை வலிக்கிறது. கண்கள் வலித்தால், ‘மே துவேலென் லோஸ் ஓஹோஸ்’.