டிசம்பர் 27-ல் பிறந்த மனைவிக்கு மட்டும் பணம் மிஞ்சுவதே இல்லை!

கேள்வி: என் மனைவிக்கு டிசம்பர் 27 பிறந்தநாள். திருமணமாகி ஐந்து வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் செலவு முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘இரண்டுக்கும் சேர்த்துத்தான் இது’ என்று ஒரே பரிசைக் கொடுத்துச் சமாளித்து வருகிறேன். அவள் எதுவும் சொல்வதில்லை. இந்த முறை விடுமுறையிலேயே இரண்டு நாள் வெளியூர் அழைத்துப் போகலாம் என்று பார்த்தால், ஓட்டல் கட்டணம் மற்ற மாதங்களைப் போல இரண்டு மடங்கு காட்டுகிறது. கிரெடிட் கார்டில் போட்டு 12 மாத இ.எம்.ஐ. ஆக மாற்றிக்கொள்ளலாமா? வருடக் கடைசியில் போனஸ் வரவும் வாய்ப்பு உண்டு. இருவரும் சம்பாதிக்கிறோம், சேமிப்பு கூட்டுக் கணக்கில் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் செய்ய ஆசை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பதில்: இ.எம்.ஐ. வேண்டாம். வட்டி ஒரு காரணம். மாதம் 1.5 சதவீத வட்டியில் 12 தவணை என்றால், 100-க்கு வாங்கியதற்கு மொத்தம் 110 கட்டுவீர்கள். செயலாக்கக் கட்டணம் இருந்தால் அது தனி. ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரம் செய்வதிலும், உடனே பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் என்னை உறுத்துவது இந்தப் பத்து சதவீதம் இல்லை. ஜனவரியில் தொடங்கும் 12 தவணை அடுத்த டிசம்பரில்தான் முடியும். அடுத்த பிறந்தநாளுக்கு மறுபடி கை காலியாக இருக்கும். அப்போது இந்த வருடப் பயணத்தின் கடைசித் தவணையைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இ.எம்.ஐ. ஆக மாற்றாமல் கார்டிலேயே பாக்கி வைப்பது இன்னும் மோசம். மாதம் 3 சதவீதம் வட்டி என்றால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஒரு வருடத்தில் 100 என்பது 142-ஐத் தாண்டிவிடும்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களிடம் பணமே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. செலவழிக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. டிசம்பரில் உறவினர்களுக்குப் பரிசு, உடை, விருந்து, பயணம் எல்லாம் முதலில் போகின்றன. அவற்றில் ஒன்று குறைந்தாலும் யாராவது முகம் சுளிப்பார்கள். கடைசியில் நிற்பது 27-ம் தேதி. அன்றைக்குரியவர் எதுவும் சொல்லாதவர் என்பதால் வெட்டு அவர் தலையில் விழுகிறது. ஐந்து வருடமாக!

இதை மாற்ற ஒரு தாள் போதும். டிசம்பர் முழுவதற்கும் உங்களால் கடனில்லாமல் செலவழிக்க முடிந்த மொத்தத் தொகையை மேலே எழுதுங்கள். அதிலிருந்து முதலில் பிறந்தநாளுக்கான தொகையைக் கழியுங்கள். மீதியில்தான் கிறிஸ்துமஸ். அந்த மீதி பற்றவில்லை என்றால் சுருக்க வேண்டியது கிறிஸ்துமஸ் பட்டியலை.

எங்கே சுருக்குவது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு வழி காட்டுகிறது. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தங்களுக்கு வந்த பரிசுகளின் மதிப்பு என்ன என்று மாணவர்களிடம் கேட்டதில், கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவரின் கணக்கில் காணாமல் போயிருந்தது. தூரத்து உறவுகள் தந்தவற்றில் இழப்பு அதிகம், நண்பர்களும் துணைவர்களும் தந்தவற்றில் குறைவு. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நீங்கள் தலைகீழாக வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் புரிந்துகொள்ள இது போதும். பத்துப் பெரியவர்கள் உள்ள குடும்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் 90 பரிசுகள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் பத்து. குழந்தைகளுக்கு வழக்கம்போல் வாங்குங்கள். பெரியவர்களிடம் இந்த யோசனையை இப்போதே, அவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பலருக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருக்கும்.

அடுத்து, அந்த இரண்டு மடங்கு கட்டணம். 24-ம் தேதியிலிருந்து புத்தாண்டு வரை சுற்றுலா இடங்களில் ஓட்டல்காரர்களுக்குக் கூட்டம் தானாக வருகிறது, ஏற்றுகிறார்கள். குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும், விருந்துக்குக் கட்டாயமாகத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளும் அந்த வாரத்தில் வரும். பதிவு செய்யும் பக்கத்தின் கடைசி வரி வரை படியுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேலை விஷயமாக வந்து போகிறவர்களை நம்பி, அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் நடக்கும் நல்ல ஓட்டல்களில் அதே வாரம் அறைகள் காலியாகக் கிடப்பதுண்டு, கட்டணமும் இறங்கும். மலையும் கடலும் தெரியாதுதான். ஆனால் சமையல் இல்லை, விருந்தினர் இல்லை, பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்க ஆட்களை வைத்துச் சமாளித்த ஒருவருக்கு 27-ம் தேதி இதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கப் போகிறது?

அல்லது பயணத்தைப் புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிகளும் திறந்த பிறகு, பொங்கல் விடுமுறையும் முடிந்து ஜனவரி பிற்பகுதியில் வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் கட்டணம் சட்டென்று இறங்கும் காலம் அது. ஆனால் இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டிசம்பர் இறுதியில் பிறந்தவர்களில் சிலருக்கு அந்த நாள் அந்த நாளாகவே இருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் ‘மறுபடியும் எனக்குத்தான் விட்டுக்கொடுப்பா’ என்று தோன்றும். சிலர் கிறிஸ்துமஸ் நிழல் படாத ஒரு தேதி கிடைத்தால் போதும் என்பார்கள். உங்கள் மனைவி எந்த ரகம் என்று ஐந்து வருடத்தில் கேட்டதுண்டா?

கேட்டால் ஆச்சரியம் போய்விடுமே என்பீர்கள். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு பெரிய தொகை காரணம் தெரியாமல் போனாலும், ஒரு கடன் மறைவாக ஏறினாலும், அது வெளியே வரும் நாளில் யாரும் அதைப் பரிசாகப் பார்க்க மாட்டார்கள். தொகையைச் சொல்லிவிடுங்கள், எதற்கு என்பதை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள். ‘உன் பிறந்தநாளுக்கு இவ்வளவு ஒதுக்கியிருக்கிறேன், 27-ம் தேதியா, ஜனவரியா, அதை மட்டும் சொல்’ என்று கேட்டால் எங்கே போகிறோம் என்பது இரகசியமாகவே இருக்கும். ஐந்து வருடம் கழித்துத் தன் பெயரில் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்பட்டது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மனிதர்கள் பணத்தைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துத்தான் யோசிக்கிறார்கள் என்று விரிவாக எழுதியவர் ரிச்சர்ட் தேலர். 2017-ல் பொருளாதார நோபல் பெற்றவர். உங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு அப்படி ஒரு தலைப்பே இல்லை.

அடுத்த வருடத்திற்கு அந்தத் தலைப்பை வங்கியில் திறந்துவிடுங்கள். ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை பத்து மாதத் தொடர் வைப்பு போதும். இந்த வருடம் ஒதுக்கும் தொகையைப் பத்தால் வகுத்து, சம்பளம் வந்த மறுநாள் தானாகப் போகும்படி செய்யுங்கள். நவம்பரில் பணம் கைக்கு வந்தால், கட்டணம் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்ய நேரம் இருக்கும். பங்குச் சந்தை, ஈக்விட்டி ஃபண்ட் எதுவும் இதற்கு வேண்டாம். பத்து மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமில்லை. கடைகளும் நிறுவனங்களும் நடத்தும் பண்டிகைச் சேமிப்புத் திட்டங்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில், பண்டிகைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது திவாலானது. வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகக் கட்டியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வங்கியில் வைத்த பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தப் பணத்துக்கு இல்லை. நீண்ட காலம் காத்திருந்தும் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே வாங்கி வைக்கும் பரிசு அட்டைகளிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கடைசியாக போனஸ். ‘வாய்ப்பு உண்டு’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் ஏறும் வரை அது உங்கள் பணம் இல்லை, அதனால் தாளில் எழுதும் மொத்தத் தொகையில் அதைச் சேர்க்காதீர்கள். அதை எதிர்பார்த்து நல்ல அறை ஒன்றைப் பிடித்து வைக்க விரும்பினால், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள். கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. இலவசமாக ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்பு கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். அன்று காலை வரை போனஸ் வரவில்லை என்றால் ரத்து செய்துவிட்டு, முன்பே ஒதுக்கிய தொகைக்குள் அடங்கும் அறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.