‘அம்மாகிட்ட சொல்லாதே’

அன்புள்ள அக்கா,

பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கம் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் இதை எழுதும் துணிச்சல் வந்தது. நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளி முடித்து இந்த ஆண்டுதான் படிவம் ஒன்றுக்குப் போனான். கைப்பேசியில் விளையாடும் சண்டை விளையாட்டில் ஓர் ‘அண்ணன்’ பழக்கமாகியிருக்கிறான். நன்றாகத் தமிழ் பேசுவானாம். விளையாட்டுக்குள் பயன்படும் டைமண்ட், ஸ்கின் எல்லாம் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறான். அப்புறம் டெலிகிராமுக்கு வரச் சொல்லி, சட்டை இல்லாமல் ஒரு படம் கேட்டு வாங்கியிருக்கிறான். அதற்கு மேல் எதுவும் அனுப்பவில்லை என்று மகன் அழுகிறான். ‘அம்மாகிட்ட சொல்லாதே, ஃபோனைப் பிடுங்கிடுவாங்க’ என்று அந்த ஆள் எழுதியிருந்ததை நானே பார்த்தேன். என் கணவர் பையனை அடித்துவிட்டார். நான் ஃபோனைப் பிடுங்கி அந்த உரையாடலை அழித்துவிட்டேன். போலீசுக்குப் போனால் மானம் போகும் என்கிறார் மாமியார். படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடியும்வரை இனி ஃபோன் கிடையாது என்று சொல்லிவிட்டோம். 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகம் கூடாது என்று அரசாங்கமே சொல்கிறதே. நாங்கள் செய்தது சரிதானே?

பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

பாதி சரி. தெரிந்த உடனே தொடர்பை அறுத்தீர்களே, அது சரி. மீதியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ஆள் எழுதியதை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் ஃபோனைப் பிடுங்குவாள் என்றான். தெரிந்தது, பிடுங்கினீர்கள். அவன் சொல்லாத அடியும் சேர்த்து விழுந்தது. இப்போது உங்கள் மகனின் கணக்கில் உண்மை பேசியவன் யார்? இன்னொரு செயலியில் இன்னொருவன் வந்து தொல்லை கொடுத்தால், மகன் உங்களிடம் வருவான் என்று நம்புகிறீர்களா?

இந்த மாதிரி ஆட்களுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பெற்றோரிடம் பிள்ளைக்கு இருக்கும் பயம் போதும். விளையாட்டில் நுழைந்ததும் யார் தனியாக, ராத்திரி நேரம் கடந்து விளையாடுகிறான் என்று பார்ப்பான். ‘பக்கத்துல யாரு இருக்கா?’ என்று சாதாரணமாகக் கேட்பான். பரிசு கொடுப்பான். வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஒரு நன்றிக்கடன் வந்துவிடும். நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்டால் மறுக்காதே என்றுதானே சொல்லி வளர்க்கிறோம்? அதற்குப் பிறகு தனியாகப் பேச வேறு செயலி, ரகசியம், சின்னதாக ஒரு படம். சட்டை இல்லாத படம்தானே என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த படத்துக்கு அதுதான் பிணை. ‘அனுப்பவில்லை என்றால் இதை உன் பள்ளிக்கூட நண்பர்களுக்குப் போடுவேன்’ என்ற மிரட்டல் அங்கிருந்துதான் தொடங்கும். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஆபத்து என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். படத்தை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் பதின்ம வயதுப் பையன்களைத்தான் அதிகம் குறிவைக்கின்றன. ஒரு தடவை பணம் கொடுத்தால் விட்டுவிடுவதும் இல்லை, மறுபடியும் கேட்பார்கள்.

யூனிசெஃப், சிறார் பாலியல் சுரண்டலை எதிர்க்கும் எக்பாட் அமைப்பு, இன்டர்போல் மூன்றும் சேர்ந்து மலேசியாவைப் பற்றி 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 4 விழுக்காட்டினர் ஒரே ஆண்டில் இணையவழிப் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள். உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அசிங்கம் இல்லை இது என்று மாமியாருக்குச் சொல்லுங்கள்.

சரி, போலீஸ். கட்டாயம் போங்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 (சட்டம் 792) இதற்காகவே வந்தது. அதில் சிறார் என்றால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும். பிள்ளையிடம் பாலியல் பேச்சு பேசினாலே 3 ஆண்டுவரை சிறை. தவறான நோக்கத்தோடு பேசிப் பழகி வசப்படுத்துவது, அதாவது க்ரூமிங், தனிக் குற்றம்: 5 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. நேரில் சந்தித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப் பழகிய பிறகு சந்திக்கக் கிளம்பினால் 10 ஆண்டுவரை போகும். இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, மாமியார் கேட்க வேண்டியது: இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான், 5,000 வெள்ளிவரை அபராதம்.

மானத்தைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிறார் சட்டம் 2001இன்படி பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிட முடியாது. வழக்கு நீதிமன்றம் வரை போனாலும், சிறார் சாட்சி அந்த ஆளின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்தோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்ல 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். டி11 பிரிவு அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், பாலியல், பெண்கள், சிறார் வழக்குகளைப் பார்ப்பது அவர்கள்தான். கூடத்தில் எல்லார் முன்னாலும் பையனைப் பேச வைக்காதீர்கள், தனி அறை கேளுங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி இருக்கிறது: தாலியான் காசே, 15999. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அழித்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். ஆனால் எல்லாம் போய்விடவில்லை. விளையாட்டில் அவனுடைய ஐடி எண் நண்பர் பட்டியலில் இருக்கும். பரிசு வந்த தேதி இருக்கலாம். எந்தப் பெயரில் வந்தான், எந்த ஊர் என்று சொன்னான், எந்த நேரத்தில் வருவான் என்பதெல்லாம் பையனுக்கு நினைவிருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், திரைப்பதிவு எடுங்கள், அதற்குப் பிறகு அவனைத் தடை செய்யுங்கள். ஃபோனை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம், போலீஸ் கேட்கும். உங்கள் கணவருக்கு, மகன் மாதிரி நடித்து அவனிடம் பேசிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். தோன்றாவிட்டால் மைத்துனர் யாராவது யோசனை சொல்வார். வேண்டவே வேண்டாம். சந்தேகம் வந்தால் அவன் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவான். மகனின் படத்தை ‘ஆதாரம்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது.

அடித்ததைப் பற்றி உங்கள் கணவர்தான் பேச வேண்டும், நீங்கள் பேசிப் பயனில்லை. ‘அப்பா அடிச்சது தப்பு. தப்பு பண்ணினது அந்த ஆள், நீ இல்ல’ என்று அவர் வாயால் சொல்லட்டும். நீளமாக வேண்டாம். அப்பா மன்னிப்புக் கேட்பதா என்று தயங்குவார், எனக்குத் தெரியும். அவர் சொல்லாதவரை பையன் மீதிக் கதையைச் சொல்லமாட்டான். மீதிக் கதை இருக்கக்கூடும். வேறு படமும் அனுப்பியிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் ஃபோனை விட்டு வெளியே போகாது. அதன் மின்னியல் அடையாளம் மட்டும் போய், சேவையில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவும்.

எஸ்.பி.எம். வரை ஃபோன் கிடையாது என்றால் ஐந்து வருடம். நடக்கிற கதையா? பாடக் குழு வாட்ஸ்அப்பில், கூட்டாளிகள் எல்லாரும் அதில். அவன் நண்பன் ஃபோனில் நுழைவான், உங்களுக்குத் தெரியாமல். போலீஸ் வேலை முடிந்த பிறகு கொடுங்கள், நிபந்தனையோடு. ராத்திரி ஃபோன் கூடத்தில்தான் சார்ஜ் ஆக வேண்டும். இதற்கு அவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, 13 வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனோடு தூங்குவதற்கு நான் எதிரி. அமைப்புகளை அவனோடு உட்கார்ந்தே மாற்றுங்கள்: டெலிகிராமில் தொலைபேசி எண் யாருக்கும் தெரியக்கூடாது, குழுக்களில் சேர்க்கும் உரிமை தெரிந்தவர்களுக்கு மட்டும். டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழே நேரடிச் செய்தியே கிடையாது, ஆனால் கணக்குத் தொடங்கும்போது உண்மையான பிறந்த ஆண்டு கொடுத்திருந்தால்தான். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் பொய். பல சமயம் அதை அடித்துக் கொடுத்ததே அப்பாவாக இருக்கும்.

அரசாங்கம் செய்வதை நான் குறை சொல்லவில்லை. மலேசியாவில் 8 மில்லியன் பயனர்களைத் தாண்டிய தளங்களுக்கு 2025 ஜனவரி முதல் உரிமம் வேண்டும், 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் அமலில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் கழுத்தில் பொறுப்பைக் கட்டுவது நல்லதுதான். ஆனால் உங்கள் மகனிடம் அந்த ஆள் முதலில் வந்தது சமூக ஊடகத்தில் இல்லையே, விளையாட்டில்தானே?

முகம் தெரியாதவனுக்கு மட்டும் பயந்தாலும் போதாது. ரிச்சர்ட் ஹக்கிள் என்ற ஆங்கிலேயனை நினைவிருக்கிறதா? ஆங்கிலம் சொல்லித்தரும் நல்ல மனிதனாக, படம் எடுப்பவனாக, கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்குள் நுழைந்தான். 71 குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2016இல் லண்டன் நீதிமன்றத்தில் 22 ஆயுள் தண்டனை பெற்றான். குழந்தைகளைக் கெடுத்தது வீட்டுக்குள் வந்து, படங்களைப் பரப்பியது இணையத்தில். சட்டம் 792 அடுத்த ஆண்டு வந்ததற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். டியூஷன் ஆசிரியர், பயிற்றுநர், உறவுக்காரர் யாராக இருந்தாலும் பிள்ளையோடு தனியாக, ரகசியமாகச் செய்தி பரிமாறினால் கேள்வி கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த வாரமே போங்கள். விளையாட்டு ஐடி எழுதிய தாள், ஃபோன், பையனின் மைகாட் அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், கணவரும் கூட வரட்டும். புகாரின் நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். சில வாரத்தில் தகவல் எதுவும் வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா