காப்புரிமை பெற்ற மூளைச் சிகிச்சையை நம் ஊர் டாக்டர் செய்யலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பச்சிக்குக் கை நடுக்கம்; ஒலி அலைச் சிகிச்சைக்குக் காப்புரிமை இருந்தால் நம் பக்கத்து டாக்டர்கள் செய்யக்கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். நோயறியும் முறைக்கோ மனிதருக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கோ இந்தியச் சட்டம் காப்புரிமை தருவதில்லை. நியாயமான சட்டம். கருவிக்கு உண்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். விலைக்கு வாங்கிய மருத்துவமனை அதைப் பயன்படுத்தத் தடையில்லை.

அந்தக் கருவிதான் அருமை. மண்டையோட்டைத் திறப்பதே இல்லை. தலையைச் சூழ்ந்த கவசத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிக்கற்றைகள் மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு புள்ளியில் குவியும். தனித்தனியாக அவை திசுவைச் சுடாது. குவியும் இடத்தில் மட்டும் சூடேறி, நடுக்கம் தரும் திசு செயலிழக்கும். எம்.ஆர்.ஐ. அந்த வெப்பத்தை உடனுக்குடன் அளந்து காட்டும். அமெரிக்காவில் 2016இல் எசென்ஷியல் டிரெமருக்கு, அதாவது நடுக்கமே முக்கிய அறிகுறியான நோய்க்கு, இந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது.

முதலில் மதுரையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பார்க்கின்சனா, வேறு நடுக்கமா என்று தெரியவேண்டும். அப்புறம் சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டின் அடர்த்தியைப் பார்த்துத்தான் இது அவருக்கு ஏற்குமா என்று சொல்வார்கள்.