கேளுங்கள் சொல்கிறோம்: நிறுவன அட்டையைக் கேட்டு வரும் அழைப்பு

கேள்வி: பினாங்கில் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். கடையின் ஒரே நிறுவன அட்டையை நால்வர் பயன்படுத்துகிறோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், நிறுவன அட்டையின் கடைசி 4 எண்களைச் சரியாகக் கூறி, 2,860 ரிங்கிட் பரிவர்த்தனையை ரத்து செய்யவென்று கைப்பேசிக்கு வந்த 6 இலக்க எண்ணைக் கேட்டார். சொல்லவிருந்த கணக்கரைத் தடுத்துவிட்டேன். நான் செய்தது சரிதானா? – வாசகர், பிறை

பதில்: மிகவும் சரி. கடைசி 4 எண்கள் ரசீதுகளிலேயே அச்சாகின்றன. அவற்றை ஒப்பித்துவிட்டால் ஒருவர் வங்கி ஊழியர் ஆகிவிட மாட்டார். அந்த 6 இலக்க எண் பணம் போவதற்கு ஒப்புதல் அளிப்பதே தவிர, எதையும் ரத்து செய்வதற்கானது அன்று. அது வந்த குறுஞ்செய்தியை நிதானமாகப் படித்திருந்தால், கணக்கருக்கே அது புரிந்திருக்கும். திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும், அதைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

ஒரே அட்டையை நால்வர் பகிர்ந்துகொள்வது (நம்மவர் கடைகளில் இது சகஜம்) எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கொரு அட்டையும் குறைந்த வரம்பும் வங்கியிடம் கேளுங்கள்.

எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், தாமதிக்காமல் வங்கியையோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தை 997 என்ற எண்ணிலோ அழைத்துவிட்டு, பிறகு போலீசில் புகார் செய்யலாம்.