தாத்தாவின் ரயிலைப் பேரன் ஓட்ட வேண்டும்

கோலாலம்பூர் செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் ஆசையாகச் சேர்த்த, ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மாடல் ரயில்கள் இருபது வருடமாக அலமாரி மேல் கிடக்கின்றன. என் ஒன்பது வயது மகன் ஓட்டிப் பார்க்கத் துடிக்கிறான். தண்டவாளம் கறுத்துவிட்டது, எஞ்சின் அசையவில்லை. சரி செய்ய முடியுமா?"

பெரும்பாலும் முடியும். இந்த ரயில்களில் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு ஏறி மோட்டாருக்குப் போகிறது. வழியில் எங்கே அழுக்குப் படிந்தாலும் வண்டி நின்றுவிடும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் இருபது வருடம் கிடந்த தண்டவாளம் கறுக்கத்தான் செய்யும்.

ஆனால் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பழைய கண்ட்ரோலர் பெட்டியைத் தயவுசெய்து சுவரில் செருகாதீர்கள். அதற்குள் 240 வோல்ட் போகிறது. வயரின் உறை வெடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. 12 வோல்ட் டிசி தரும் புதியது ஒன்றை வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தண்டவாளத்தின் நடுவில் மூன்றாவது கம்பி ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் அது பெரும்பாலும் 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோ வகை. அந்த எஞ்சினை இரண்டு கம்பிப் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. அதை நீங்களே முடித்து, ஓடுகிற ரயிலாக மகன் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஓடுகிற ரயில் ஒரு வாரத்தில் சலித்துவிடும். தானே ஓட வைத்த ரயிலைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். உங்கள் அப்பா பட்டறையில் செய்ததும் இதே வேலைதானே. ஃபார்மசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, பழைய பருத்தித் துணியில் அதைத் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். மணல் தாள் வேண்டவே வேண்டாம், அது போடும் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். எஞ்சினைத் துண்டின் மேல் தலைகீழாகக் கிடத்தி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் சக்கரங்களைத் துடைக்கலாம். அச்சில் சுற்றியிருக்கும் முடி, நூலை இடுக்கியால் எடுங்கள். பிறகு ஊசி முனையில் எடுத்த ஒரே ஒரு துளி மெல்லிய மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசினாகிவிடும்.

எஞ்சினின் உலோகப் பாகம் உப்பி, மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கலப்படமுள்ள துத்தநாக வார்ப்பு உள்ளுக்குள்ளேயே சிதைவது அது, மருந்து கிடையாது. அதைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். அப்பா கையால் பூசிய பெயிண்ட் எங்காவது இருந்தால் அதையும் தொட வேண்டாம்.

பாதை போட 8-க்கு 4 அடி பிளைவுட்டை ஹார்ட்வேர் கடையில் 6-க்கு 4 அடியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஹார்ன்பியின் இரண்டாவது அளவு வளைவுக்கு ஆரம் 438 மில்லிமீட்டர் என்பதால் முழு வட்டம் அதில் தாராளமாக அடங்கும். விளையாடி முடித்ததும் சுவரோரம் சாய்த்துவிடலாம். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் சௌகரியம்.

'தாத்தா பட்டறையில் வேலை பார்த்த ரயில் இதில் ஏன் இல்லை' என்று ஒருநாள் உங்கள் மகன் கேட்பான். மலேசிய ரயில்வேயான கேடிஎம் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர், ஹார்ன்பியின் 16.5 மில்லிமீட்டர் பாதை அதைவிட அகலமான பிரிட்டிஷ் ரயிலுக்கானது. நம் ரயிலைச் செய்ய ஆசைப்பட்டால், 87-இல் ஒரு பங்கு அளவில் 12 மில்லிமீட்டர் பாதை கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். அதை அவனுக்கு 13, 14 வயது ஆகும்போது தொடங்கலாம்.

ஓட்டாத நாட்களில் ரயில்களை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். அப்பாவின் பழைய அட்டைப் பெட்டிகளையும் எறியாதீர்கள். எந்த எஞ்சின் எது என்று அதில்தான் எழுதியிருக்கும்.